தறிச் சத்தத்துக்கு நடுவே எட்டு டிராக்: வீட்டில் குழுவைப் பதிவு செய்ய என்ன வாங்குவது

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளோடு உட்காருங்கள். குழுவில் ஒரே சமயத்தில் வாசிப்பவர்கள் யார் யார், ஆளுக்கு எத்தனை மைக் அல்லது எத்தனை ஒயர் என்று எழுதுங்கள். வாங்கப்போகிற எல்லாவற்றையும் அந்த எண்ணிக்கைதான் முடிவு செய்யும். மைக் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு ஆர்க்கெஸ்ட்ராவை எடுத்துக்கொள்வோம். கீபோர்டு, ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் மின்னணு டிரம் பேட்), பேஸ் கிடார், லீட் கிடார், தபலா, புல்லாங்குழல், இரண்டு பாடகர்கள். கீபோர்டுக்கும் பேடுக்கும் ஸ்டீரியோவாக இரண்டிரண்டு, கிடார்களுக்கு இரண்டு, தபலாவுக்கு இரண்டு, குழலுக்கு ஒன்று, பாட்டுக்கு இரண்டு. மொத்தம் பதினொன்று. ஆனால் பதினொன்றும் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை. பாட்டையும் குழலையும் பிற்பாடு தனியாக ஏற்றிக்கொள்ளலாம். அன்றைக்குப் பாடகர் வழிகாட்டியாக ஒரு மைக்கில் பாடினால் போதும். கீபோர்டை மோனோவாக எடுத்தால் கணக்கு எட்டில் அடங்கிவிடும். அந்த எட்டிலும் மைக் தேவைப்படுவது தபலாவுக்கும் வழிகாட்டிக் குரலுக்கும் மட்டும்தான். மற்றதெல்லாம் ஒயர் வழியாக நேராக உள்ளே போகிறவை.

நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு வாசிக்கிற குழு வேறு கதை. தவிலுக்கு இரண்டு மைக், பம்பைக்கு இரண்டு, உருமிக்கு இரண்டு, நாதஸ்வரத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று. இதுவும் எட்டுதான், ஆனால் எட்டும் மைக். இவர்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யவும் முடியாது. ஒருவர் கையை ஒருவர் பார்த்து வேகம் ஏற்றுகிற வாசிப்பு அது. காதில் க்ளிக்கை (காலம் காட்டும் டிக் டிக் சத்தத்தை) போட்டு ஒரே காலத்தில் நிறுத்தினால் உயிர் போய்விடும். ஜமாப் என்கிற மேளக் குழுவுக்கும் இதே கணக்குதான்.

மைக்கையும் வாத்தியத்தையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எட்டு இன்புட் வேறு, எட்டு மைக் ப்ரீஆம்ப் வேறு

மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குவது மைக் ப்ரீஆம்ப். ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் "18 இன்" என்று இருந்தால் பதினெட்டு மைக் மாட்டலாம் என்று அர்த்தமில்லை. பெஹ்ரிங்கர் யூஎம்சி1820-இல் மைக் ப்ரீஆம்ப் எட்டு. மீதிப் பத்தில் எட்டு, ஏடாட் என்கிற ஆப்டிகல் வழி. இரண்டு டிஜிட்டல் கோஆக்சியல். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8 மூன்றாம் தலைமுறையில் மைக் ப்ரீஆம்ப் நான்குதான். இன்னொரு நான்கு லைன் இன்புட், கீபோர்டு போன்றவற்றை மாட்டுவதற்கு. மேலே சொன்ன ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இது சரியாகப் போதும். தவில் குழுவுக்கு உதவாது. ஒரே வரிசையில் வரும் 18ஐ20-இல் எட்டு ப்ரீஆம்ப் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். டாஸ்காம் யூஎஸ் 16 பை 08-இல் எட்டு மைக்கும் எட்டு லைனும் சேர்ந்து பதினாறும் நேரடி அனலாக் இன்புட். கீபோர்டும் பேடும் நிறைய இருக்கிற குழுவுக்கு ஏற்றது.

ஏடாட் வழியைக் கொசுறு என்று நினைக்க வேண்டாம். பிற்பாடு குழு பெரிதானால் பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 போன்ற ஒரு எட்டு ப்ரீஆம்ப் பெட்டியை ஒரே ஆப்டிகல் ஒயரில் சேர்த்துப் பதினாறாக்கிக்கொள்ளலாம். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை சத்தத்தை அளக்கிறது என்ற எண்) 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸாக இருந்தால்தான் எட்டும் வரும். இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் அந்த அளவெடுக்கும் வேகத்தைக் காட்டும் கடிகாரமாக இருக்க வேண்டும், மற்றது அதைப் பின்தொடர வேண்டும். அந்த செட்டிங்கை மறந்தால் பதிவு முழுக்க டிக் டிக்கென்று பொரி வெடிக்கிற மாதிரி சத்தம் வரும். மைக்கைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், சத்தம் போகாது.

"இரண்டு இன்புட் பெட்டி ஒன்று இருக்கிறது, இன்னொன்று வாங்கி நாலாக்கிக்கொள்கிறேன்" என்பது பலருக்கும் வரும் யோசனை. விண்டோஸில் இன்டர்ஃபேஸைப் பதிவு மென்பொருளோடு சேர்க்கிற ஏஸியோ டிரைவர் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். எப்படியோ இரண்டையும் ஓட வைத்தாலும் இரண்டின் கடிகாரமும் மயிரிழை வித்தியாசத்தில் போகும். நான்கைந்து நிமிடப் பாட்டின் கடைசியில் தபலாவும் கீபோர்டும் பிரிந்து நிற்கும். ஒரே பெட்டியாக வாங்குங்கள்.

இன்னொரு பொறி, யூஎஸ்பி உள்ள மிக்ஸர். பன்னிரண்டு சேனல் மிக்ஸர் சல்லிசாகக் கிடைக்கும், பின்னால் யூஎஸ்பி ஓட்டையும் இருக்கும். விலை குறைந்த மிக்ஸர்களில் பெரும்பாலானவை அந்த யூஎஸ்பியில் அனுப்புவது இடது, வலது என்று இரண்டே டிராக். பன்னிரண்டும் கலந்து அவியலாகி வந்துவிடும். தபலாவை மட்டும் குறைக்க வழி கிடையாது. வாங்கும் முன் மேனுவலில் யூஎஸ்பிக்கு எத்தனை சேனல் போகிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அந்த வரியே இல்லையென்றால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக் கச்சேரியும் செய்கிற குழுவாக இருந்தால் கணக்கு மாறும். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 பதினாறு மைக் ப்ரீஆம்ப் உள்ள டிஜிட்டல் மிக்ஸர். பதினெட்டு டிராக்கையும் யூஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்குத் தனித்தனியாக அனுப்பும். டேப்லெட்டில் மிக்ஸ் செய்யலாம். சனிக்கிழமை கச்சேரிக்கும் ஞாயிற்றுக்கிழமை பதிவுக்கும் ஒரே பெட்டி. வீட்டுப் பதிவுக்கு மட்டும் என்றால் இது அதிகச் செலவு. நல்ல லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஜூம் லைவ்டிராக் எல்-12 பொருந்தும்: எட்டு மைக் இன்புட், இரண்டு ஸ்டீரியோ இன்புட், எல்லாம் எஸ்டி கார்டில் தனித்தனி டிராக்காக ஏறும். ஐந்து ஹெட்ஃபோன் அவுட் இருக்கிறது, ஐந்துக்கும் வெவ்வேறு மிக்ஸ் கொடுக்கலாம். ஹெட்ஃபோன் ஆம்ப் செலவு மிச்சம்.

கம்ப்யூட்டர்

எட்டு டிராக் பதிவுக்குப் பெரிய மெஷின் வேண்டாம். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருந்தால் போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி பிடிக்கும். எட்டு டிராக் ஒரு மணி நேரம் ஓடினால் 4 ஜிபிக்குச் சற்று மேல். ரீப்பர் என்கிற பதிவு மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். தனியாளுக்கான உரிமம் 60 டாலர். இன்டர்ஃபேஸை ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுங்கள்.

காதில் தாமதமாகக் கேட்கிறது என்று வாசிப்பவர் சொன்னால் காரணம் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் சத்தத்தின் அளவு. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் போக 21, வர 21 என்று 40 மில்லிசெகண்டுக்கு மேல்; தபலாக்காரர் தடுமாறிப்போவார். 128-க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதில் லேப்டாப் திணறினால் பஃபரை ஏற்றிவிட்டு, இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரைப் போட்டுவிடுங்கள். சத்தம் கம்ப்யூட்டருக்குப் போகாமலே காதுக்கு வந்துவிடும்.

மைக்: வாத்தியத்துக்கு அருகில் இருப்பதே பெரிது

கண்டென்சர் மைக் (கரண்ட் கொடுத்தால்தான் ஓடும் நுணுக்கமான மைக்) தூரத்துச் சத்தத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பார்கள். இழுப்பது மைக் அல்ல, தூரம். கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறோம், மேடையில் பிடிக்கிற டைனமிக் மைக்கை வாயோடு ஒட்டி வைக்கிறோம். வித்தியாசம் அதில்தான் வருகிறது. மைக்கை வாத்தியத்துக்குப் பாதித் தூரம் நெருக்கினால் வாத்தியச் சத்தம் 6 டெசிபெல் கூடும், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அப்படியேதான் இருக்கும். விசைத்தறி ஓடுகிற சோமனூர், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி மட்டுமே பாதி ஸ்டுடியோ.

அதனால் முதல் நான்கு மைக்கும் டைனமிக்காக இருக்கட்டும். ஷூர் எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டும் பல்லாண்டு உழைக்கும்; கையில் காசு குறைவென்றால் பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 போன்றவை தோல் வாத்தியத்துக்குப் போதுமானவை. குழுவில் ஏற்கெனவே மேடை மைக் இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். அதற்குப் பிறகு ஒரு ஜோடி சிறிய கண்டென்சர், கடைசியாகப் பாட்டுக்கு ஆடியோ டெக்னிகா ஏடி2020 வகையில் ஒன்று. கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும். அந்த பட்டனைப் போடும்போதும் எடுக்கும்போதும் சேனலின் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஹெட்ஃபோனில் டப்பென்று அறையும்.

தவிலின் வலது முகமான வலந்தலை விரல்கூடு போட்டு அடிப்பது. ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி வரும். டைனமிக் மைக்கை ஒரு சாண் தள்ளி, நடுவைப் பார்க்காமல் விளிம்பைப் பார்த்து வையுங்கள். இடது முகமான தொப்பிப் பக்கம் கழி வீசும் வழியில் ஸ்டாண்டு நிற்கக் கூடாது. இரண்டு மைக்கும் போட்டபின் ரீப்பரில் ஒரு டிராக்கின் ஃபேஸை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பிக் கேளுங்கள். ஒரு நிலையில் தொப்பி கும்மென்று நிற்கும், மற்றதில் வயிறு காலியாகக் கேட்கும். கும்மென்று வருவதை வைத்துக்கொள்ளுங்கள். உருமிக்கும் பம்பைக்கும் இதே சோதனை. உருமியில் கழி தேய்க்கிற பக்கத்து மைக்குக்குச் சத்தம் கூடுதலாகத் தேவைப்படும்; அடிக்கிற பக்கத்து கெயினையே (மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவையே) அதற்கும் வைத்தால் உறுமல் காணாமல் போகும்.

நாதஸ்வரத்துக்கு, அடியில் விரிகிற அணசின் வாயில் மைக்கைத் திணிப்பது மேடைப் பழக்கம். சத்தம் அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ஒரே அறையில் தவிலும் இருந்தால் அது இந்த மைக்கில் கட்டாயம் புகும். இரண்டு மைக்குக்கு இடையிலான தூரம், ஒவ்வொரு மைக்கும் தன் வாத்தியத்திலிருந்து இருக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். நாதஸ்வரக்காரரை மூன்று மீட்டர் தள்ளி உட்கார வைக்க அறையில் இடமில்லையென்றால் வாசல் திண்ணையில் உட்கார வைத்து, நடுவில் கதவைப் பாதி திறந்து வையுங்கள்; முகம் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

புல்லாங்குழலுக்கு நுனியில் அல்ல, ஊதுவாய்க்குச் சற்று மேலே, ஒரு சாணுக்கும் முழத்துக்கும் நடுவில். தபலாவுக்கு இரண்டுக்கும் பொதுவாக மேலிருந்து ஒரே கண்டென்சர் போட்டாலும் நன்றாகவே வரும். ஒரு இன்புட் மிச்சமாகும்.

வள்ளி கும்மிக்குப் பாட்டையும் தாளத்தையும் முதலில் முடித்துவிட்டு, கைத்தட்டையும் கோரஸையும் தனியாக எடுங்கள். பத்துப் பேரை அரை வட்டமாக நிறுத்தி, தலைக்கு மேலே ஒரு ஜோடி கண்டென்சர். அதையே இடம் மாறி நிற்கச் சொல்லி இன்னொரு முறை எடுத்தால் இருபது பேராகக் கேட்கும். களத்திலோ வாசலிலோ எடுப்பதென்றால் மைக்குக்குப் பஞ்சு உறை போடாமல் எடுக்காதீர்கள். ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும்; பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற அந்தக் காற்றுக்கு உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் மைக் எம்மாத்திரம்.

ஒயரில் வருகிற வாத்தியங்களுக்கு ஒரு குறிப்பு போதும். பேஸ் கிடாரை நேராக மாட்டினால் இன்ஸ்ட்ருமென்ட் பட்டனை அழுத்துங்கள். மறந்தால் சத்தம் மெலிந்து, முழக்கம் போய்விடும். ஆக்டோபேடில் ஆடியோவோடு மிடியையும் (எதை எப்போது அடித்தார் என்ற குறிப்பையும்) சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பிற்பாடு டோன் பிடிக்கவில்லையென்றால் வாசித்தவரைத் திரும்பக் கூப்பிடாமலே மாற்றலாம்.

கெயினை எவ்வளவு ஏற்றுவது? 24 பிட்டில் சிவப்பு விளக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. குழுவை உச்ச வேகத்தில் வாசிக்கச் சொல்லி, உயர்ந்த அடி மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கும்படி வையுங்கள். சோதனையில் மெதுவாக அடித்துவிட்டுப் பதிவில் சாமி வந்த மாதிரி அடிப்பார்கள். அந்த இடைவெளி அதற்காக.

கரண்டும் கொர்ரென்ற சத்தமும்

வீட்டில் எடுக்கும் பதிவுகளில் அடிக்கடி வருகிற நோய் 50 ஹெர்ட்ஸ் ஹம். முதல் காரணம் எர்த். நம் பக்கத்துப் பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். ஓரிரு வோல்ட் என்றால் பரவாயில்லை, பத்து இருபது காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குழிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாயிற்று என்பதையும் யோசியுங்கள்.

இரண்டாவது, எர்த் வளையம்: ஒயரால் சேர்ந்த பெட்டிகள் வெவ்வேறு வழியில் எர்த்தையும் தொடுவது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் அதுதான் காரணம். பேட்டரியில் பதிவு செய்யுங்கள், எல்லாப் பெட்டிகளையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் மாட்டுங்கள். கீபோர்டிலிருந்து வந்தால் நடுவில் டிஐ பாக்ஸ் (வாத்தியச் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) போட்டு, ஆடியோ ஒயரின் எர்த் தொடர்பை அறுக்கும் கிரவுண்ட் லிஃப்டைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தாலும் ஹம் நிற்கும். கூடவே கிடார்க்காரர் மைக்கில் வாயை வைக்கும்போது ஷாக் அடிக்கும்; ஆளே போய்விடலாம். அதைச் செய்யாதீர்கள்.

தறிக்குத் தீர்வு கருவியில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்று ஊரில் தறி, மோட்டார், மில் எதுவும் ஓடாது, ஃப்ரிட்ஜும் ஓடாது. இன்டர்ஃபேஸ், லேப்டாப், ஹெட்ஃபோன் ஆம்ப் எல்லாம் சேர்ந்து 100 வாட்டுக்குள் அடங்கும். நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் பேட்டரி, ஃபேன் இல்லாமல் ஆறேழு மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தறியைவிட மோசமாகக் கத்தும். ஷட்டவுன் நாளுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் மைக் ஸ்டாண்டின் அடியில் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள். தறியின் அதிர்வு தரை வழியாகவும் ஏறுகிறது. குரல், குழல் சேனல்களில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

அறை

நாமக்கல் முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெளிச் சத்தத்தை நிறுத்தாது, உள்ளே எதிரொலியையும் பெரிதாகக் குடிக்காது. எளிதில் தீப்பிடிக்கும், அவ்வளவுதான். முட்டையை மட்டும் வாங்குங்கள்.

டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை உள்ள பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கையைத் தட்டினால் கிணுகிணுவென்று கேட்கும். அதை அடக்கப் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து, சுவரில் ஒட்டாமல் ஒரு அரைச் சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டினால் மேல் ஸ்தாயி மட்டும் அடங்கும். 10 சென்டிமீட்டர் தள்ளினால் அடக்கம் 850 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கும். அதற்கும் கீழே உள்ள தவில் முழக்கத்துக்குத் துணி உதவாது, கனம் வேண்டும். பொள்ளாச்சி நாரில் செய்த நான்கு அங்குலக் கயிற்று மெத்தைகளை மூலைகளில் நிறுத்துங்கள். அல்லது நான்கடிக்கு இரண்டடியில் மரச் சட்டம் அடித்து, ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த நார்) பலகையை உள்ளே வைத்து, திருப்பூர் பனியன் துணியால் இழுத்துக் கட்டுங்கள். ராக்வூலைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும். பனியன் வேஸ்டை அடைப்பதானால் தளர்வாக அடையுங்கள்; மூட்டை மாதிரி இறுக்கினால் காற்று புகாது, சத்தமும் புகாது. பஞ்சு என்பதால் ஒயர், பிளக் பாயிண்ட் பக்கம் வைக்க வேண்டாம். எலியும் வரும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது மைக் விஷயத்தில் ஏறக்குறைய நிஜம். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஸ்டாண்டு, ஒரு கேபிள். இதை மறந்து எல்லாப் பணத்தையும் மைக்கில் போட்டுவிட்டு, பதிவு நாளன்று மைக்கை நாற்காலியில் கட்டுகிற குழுக்கள் உண்டு. கையில் 60,000 ரூபாய் என்றால் இன்டர்ஃபேஸுக்கு 26,000, மைக்குகளுக்கு 13,000, ஹெட்ஃபோனுக்கும் ஆம்ப்புக்கும் 9,000, ஸ்டாண்டுக்கும் கேபிளுக்கும் 8,000, அறைக்கு 4,000 என்று தொடங்குங்கள். விலை ஏறி இறங்கும், விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே இல்லை. மிக்ஸ் செய்யும் கட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

ஹெட்ஃபோன் எல்லாம் மூடிய வகையாக இருக்கட்டும். திறந்த வகையில் க்ளிக் கசிந்து மைக்கில் ஏறும். நான்கு பேருக்குப் பெஹ்ரிங்கர் எச்ஏ400 போன்ற ஒரு சிறு ஆம்ப் போதும். தவில்காரருக்கு ஹெட்ஃபோன் பற்றாது. அவருக்குக் காதுக்குள் செருகும் இயர்ஃபோன், அதன் மேல் மில்லில் போடுகிற காதுக் கவசம். சத்தத்தைக் கூட்டாமலே மற்றவர்கள் கேட்பார்கள், காதும் பிழைக்கும்.

பழைய இன்டர்ஃபேஸ் வாங்கினால் உங்கள் லேப்டாப்பையும் ஒரு கண்டென்சர் மைக்கையும் கையோடு கொண்டுபோங்கள். எட்டு சேனலிலும் ஒவ்வொன்றாக மாட்டிப் பேசிப் பாருங்கள். ஃபேண்டம் எட்டிலும் வருகிறதா, கெயின் குமிழைத் திருகும்போது கரகரக்கிறதா, யூஎஸ்பி ஒயரை லேசாக ஆட்டினால் தொடர்பு அறுகிறதா என்று பாருங்கள். அந்த மாடலுக்கு இப்போதைய விண்டோஸில் டிரைவர் கிடைக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே தேடிவிடுங்கள். கடைசியாக எட்டு டிராக்கையும் ஒன்றாக அரை மணி நேரம் ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். சூடேறிய பிறகு நின்றுபோகிற பெட்டி அந்த அரை மணியில் காட்டிக்கொடுத்துவிடும்.